டோக்கன் அக்கா கரை சேர்த்த படகு

என் அக்காவுக்கு யார் முகமும் நினைவில் நிற்காது, கைதான் நிற்கும். கடைத்தெருவில் யாராவது “என்னைத் தெரியுதா?” என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் பேந்தப் பேந்த விழிப்பாள். அவர் கையை ஆட்டிப் பேசத் தொடங்கியதும்தான் “அட, நீங்களா!” என்பாள். இதை மறதி என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கே போவேன். கல்யாணத்துக்கு முந்தைய வயதில் ஒருத்தியை மரக்கூண்டுக்குள் உட்கார வைத்து, ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டால் வேறு எப்படி ஆகும்?

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் அப்போது வீடியோ கேம் ஹால் இருந்தது. காசை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பது அவள் வேலை. அதில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் ‘டோக்கன் அக்கா’. ஹாலை மூடி எத்தனையோ காலம் ஆயிற்று. இப்போது ரயில் நிலையத்திலேயே டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். “ரோட்டைத் தாண்டினதுதான் மிச்சம், கூண்டு மாறல” என்று நான் கேலி செய்தால், “இங்க ஃபேன் இருக்குடி” என்பாள்.

அந்த ஹாலில், அவள் கூண்டின் பலகைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு ஓர் இயந்திரம் நின்றது. ஆட்டத்தின் பெயர் ‘இழுவைப் படகு’. மற்ற ஆட்டங்களெல்லாம் எங்கெங்கோ பெரிய கம்பெனிகள் செய்தவை. இது மட்டும் எங்கள் ஊரிலேயே அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கார் ஷெட்டில் உட்கார்ந்து செய்தது. குட்டிப் படகு ஒன்று கயிறு கட்டிப் பெரிய கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்துவர வேண்டும். சுடுவதும் கிடையாது, குத்துவதும் கிடையாது. பாறையும் சுழலும் குறுக்கே வரும் மீன்பிடிப் படகுகளும்தான். அக்காவுக்குத் திரை தெரியாது. பலகைக்கு அந்தப் பக்கம் இன்ஜின் உறுமுவது மட்டும் கேட்கும். அதை வைத்தே ஆட்டக்காரர் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள்.

கெட்டிக்காரர்கள் கடைசித் துறைமுகம் வரை போவார்கள். அங்கே எப்போதும் ஒரே கதைதான். இன்ஜின் சத்தம் நிற்கும். எங்கிருந்தோ ‘பாம்... பாம்...’ என்று சன்னமாக ஓர் ஒலி வரும். உடனே யாரோ இயந்திரத்தை ஓங்கி உதைப்பார்கள். “திரை அணைஞ்சு போச்சு, டோக்கனைத் திருப்பிக் குடு” என்று ஓட்டைக்குள் ஒரு கை நீளும். முதலாளி வந்து சுவிட்சை அணைத்துப் போடுவார். அந்த ‘பாம்’ பக்கத்து இயந்திரத்தின் சத்தம் என்றே அக்கா நினைத்திருந்தாள்.

முடிக்காத ஆட்டத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஹால்காரர்கள் எல்லோரும் பேசினார்கள். வாங்கியதை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணனும் தம்பியும் ஷெட்டைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். எங்கள் ஹாலும் மூடியபோது, யாரும் சீந்தாத அந்த இயந்திரத்தைக் காட்டி, “எடுத்துட்டுப் போம்மா, விறகுக்காவது ஆகும்” என்றார் முதலாளி. விறகாம்! அக்கா அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கல்யாணமாகிப் போனபோது அவளோடு போன பெரிய சாமான் அது ஒன்றுதான்.

அத்தானுக்கு டிரை கிளீனிங் கடை. கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே துணி காயும் மொட்டை மாடி. அவர்களோடேயே தங்கிக் கடைக் கவுண்டரில் இருப்பவள் நான். அத்தானைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும்: அழுக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்ப்பார். தங்கமான மனுஷன், அந்தத் தங்கத்தையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவார்.

ஸ்பீக்கரைக் கரப்பான்பூச்சி தின்றுவிட்டதால் படகு எங்கள் வீட்டில் பல வருஷம் ஊமையாகவே ஓடியது. அக்கா வேலை முடிந்து வந்து ஓர் ஆட்டம் ஆடினால்தான் அன்றைய பொழுது அவளுக்கு முடிந்த மாதிரி. கடைசித் துறைமுகத்தில் இங்கேயும் திரை இருண்டுபோகும். முடிவில்லாத ஆட்டம் என்று ஊர் சொன்னதை நாங்களும் நம்பினோம். திடீரென்று ஒருநாள் ஆட்டமே வரவில்லை. திரை முழுக்கக் கோடு கோடாக வந்து நின்றது.

மற்ற பழைய ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. செய்த கம்பெனிகளே தொகுத்து மறுபடி விற்கின்றன. அக்கா முறையாக வாங்கி டிவியில் ஆடுவாள். படகை விற்பவர் யாரும் இல்லை. விசாரித்த இடமெல்லாம் கையை விரித்தார்கள். திருப்பி அனுப்பிய இயந்திரங்கள் எல்லாம் எப்போதோ உடைபட்டுப் போயிருந்தன. எங்கள் வீட்டில் இருந்ததுதான் கடைசி.

அப்போதுதான் கேபிள்காரர் மூக்கை நுழைத்தார். “எதுக்குக்கா இவ்ளோ அலைச்சல்? ஒரு சைட்டு இருக்கு. உலகத்துல உள்ள அத்தனை பழைய கேமும் ஃப்ரீ.” அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தான் போட்டுக்கொண்டார். அவளுக்குத் தெரியாமல் கடைக் கம்ப்யூட்டரில் தேடினார். ‘இழுவைப் படகு’ என்ற பெயரில் ஒன்று இருந்தது. ஆசையாக அழுத்தினார். படகு வரவில்லை, கம்ப்யூட்டர்தான் போய்ச் சேர்ந்தது. எந்தத் துணி யாருடையது என்ற கணக்கெல்லாம் அதற்குள் இருந்ததால் கடை அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு நீதிபதி அம்மாவின் கறுப்பு அங்கி பேண்டு வாத்தியக்காரரிடம் போய்விட, அவர்கள் இருவரிடமும் வசவு வாங்கியவள் நான்தான்.

“நம்ம வீட்டுல இருக்கறதே கடைசி. அப்ப அவங்க எங்கேருந்து எடுத்துப் போட்டிருப்பாங்க?” என்றாள் அக்கா. “பேரை வச்சுத் தூண்டில் போட்டிருக்கான். நீங்க போய் வாயக் குடுத்திருக்கீங்க.” அத்தான் இதற்குப் பரிகாரமாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாமல் போனது.

பல்கலைக்கழகத்தில் பழைய கணினி ஆட்டங்களுக்கென்றே ஒரு காப்பகம் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மா நிதானமானவர், கேட்டதற்கு முகம் சுளிக்காதவர். “மெஷினுக்குள்ள சிப்பெல்லாம் பதிச்ச போர்டு இருக்கும், அதைக் கழட்டிக் கொண்டு வாங்கக்கா. பாதுகாப்புக்கு நாங்க பிரதி எடுத்து வைக்கலாம், அதுக்கு இங்க சட்டத்துல இடம் இருக்கு. ஆனா வெளிய வைக்கணும், நாலு பேர் ஆடணும்னா, செஞ்ச ரெண்டு பேரோட கையெழுத்தும் வேணும்.”

“கிடைக்கலைன்னா?”

“பெட்டிக்குள்ள பத்திரமா தூங்கும்.”

“தூங்கறதுக்கா காப்பாத்தறோம்?” என்றாள் அக்கா.

கேபிள்காரர் இதற்கும் வந்தார். “அந்தக் கம்பெனியே இல்ல. கையெழுத்து இல்லாம விட்டா யாருக்கா வந்து கேக்கப் போறா?”

“கேக்க ஆளில்லைன்னா உங்க கேபிளை நானும் இழுத்துக்கலாமா?” என்று கேட்டாள் அக்கா. அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவில் சைக்கிளை மிதித்த வேகமே தனி.

படகு செய்த இருவரில் அண்ணனைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் டிக்கெட் கவுண்டரில் ஒரு கை நுழைந்தது. காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கி, கட்டைவிரலால் தள்ளியது. அந்தக் கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. ஹாலில் டோக்கன் வாங்கி, தான் ஆடாமல், கடைசித் துறைமுகம் வரை போகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்த கை அது. படகு செய்த அண்ணன் அவர்தான் என்று முதலாளி அப்போதே சொல்லியிருந்தார்.

“நீங்க படகு செஞ்சவர்தானே?” என்றாள் அக்கா.

கை வெடுக்கென்று பின்னால் போனது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “அது முடிஞ்சு போன கதைம்மா, டிக்கெட்டைக் குடு” என்றது குரல். அக்கா டிக்கெட்டைக் கொடுத்தாள்; கூடவே கவுண்டரைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் பிளாட்பாரத்துக்கு ஓடினாள்.

அவர் இப்போது தண்ணீர் பம்பு பழுது பார்க்கிறவர். ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். “முடிவு இருக்கும்மா. இருக்குன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். ஊரு எங்களை ஏமாத்துக்காரன்னு சொல்லுச்சு. அந்தக் கடைசித் துறைமுகத்தை வச்சு எனக்கும் தம்பிக்கும் வந்த சண்டையில அவன் இன்னைக்கு வரைக்கும் என்னோட பேசறதில்ல. எங்கிட்ட ஒரு பிரதி கூட இல்ல.”

“எங்கிட்ட இருக்குங்க. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க.”

அவர் தலையை ஆட்டினார். “ஓட வச்சுக் காட்டு. என் எதிர்ல யாராவது ஒருத்தர் முடிக்கட்டும். எப்படின்னு நான் வாயத் திறக்க மாட்டேன். முடிச்சா நானும் போடறேன், தம்பி கால்லயும் விழறேன். முடிக்காத ஆட்டம்ங்கற பேரோட அது மறுபடி வெளிய வர வேண்டாம்.”

அக்கா சரியென்றாள். அன்று இரவே என்னிடம் சொன்னபோது அவள் கண் பளபளத்தது. “முடிவு இருக்காம்டி! நான் எத்தனை வருஷமா வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கேன்!”

போர்டைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். காப்பகத்துக்குக் கொண்டுபோக அவளுக்கு விடுப்புக் கிடைக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் அத்தானின் பரிகாரம் நடந்தது.

ஒருநாள் மத்தியானம் படுக்கை விரிப்புகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். விரிப்புகளுக்கு நடுவே, நல்ல உச்சி வெயிலில், வெள்ளைத் துண்டின்மேல் போர்டு மல்லாந்து கிடந்தது. பளிச்சென்று இருந்தது. அத்தான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காக்கா வராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா? எத்தனை வருஷத்துத் தூசு! மென்மையான சோப்பு, பல் தேய்க்கிற பிரஷ். ஈரம் துளி இருக்கக்கூடாதுன்னு ரெண்டு மூணு நாளா காய வைக்கிறேன். உங்க அக்கா பாத்தா அசந்துருவா.”

அக்கா எனக்குப் பின்னாலேயே படியேறி வந்திருந்தாள். அசந்துதான் போனாள்.

“அதுல ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சே?” என்றாள்.

“எல்லாம் பசைக் கறை. ஒண்ணொண்ணா எடுத்துட்டேன்” என்றார் அத்தான் பெருமையாக.

அக்கா ஓடிப்போய் முட்டி போட்டு இரண்டு கையாலும் போர்டை மூடினாள். பிறகு முந்தானையைப் போட்டு மூடினாள். போர்டில் பதித்த சிப்புகள் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் உண்டு. ஆட்டம் முழுக்க அதற்குள்ளேதான் எழுதியிருக்கும். வெயில் பட்டால் எழுத்து அழிந்துபோகும். அது படாமலிருக்கத்தான் ஸ்டிக்கர். காப்பகத்து அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்கா இதை அத்தானிடம் சொல்லவில்லை, ஏனென்றால் உலகத்தில் யாரும் கம்ப்யூட்டர் போர்டைத் துவைத்துக் காயப்போடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அத்தான் பிழைத்திருப்பார். அன்று முழுக்க அவர் கடையில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு ஒரு துணியும் தேய்க்காமல் நின்றார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் விடுப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மூன்று பேரும் காப்பகத்துக்குப் போனோம். அத்தான் உள்ளே வரக் கூசி அறை வாசலிலேயே நின்றுகொண்டார். அந்த அம்மா சிப்புகளை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்துப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு, “முழுசா அழியலக்கா. வெளுத்துப் போயிருக்கு. கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் படிச்சா வெளுத்ததும் தெரியும்” என்றார்.

அப்படியே செய்தார். ஒவ்வொரு சிப்பும் பலமுறை படித்தாலும் ஒரே மாதிரி வந்தது. படங்கள் வந்தன. துறைமுகங்கள் வந்தன. அக்கா மூச்சை விட்டாள். ஒரே ஒரு சிப் மட்டும் படிக்கும்போதெல்லாம் வேறு வேறாகச் சொன்னது.

“இது வெறும் சத்தத்துக்கான சிப். இது இல்லாமலும் ஆட்டம் ஓடும்” என்றார் அந்த அம்மா ஆறுதலாக.

“எனக்கு அந்த ஆட்டமே சத்தம்தான் மேடம்” என்றாள் அக்கா. “நான் அதைப் பாத்ததை விடக் கேட்டதுதான் முதல்ல. விட்டுடாதீங்க.”

“விடல. ஆனா இத்தனை விதமா வருதே, எது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? சில பேரு சிப்புல உள்ள எண்களையெல்லாம் கூட்டி, கூட்டுத்தொகையை ஸ்டிக்கர் மேலயே எழுதி வைப்பாங்க. அது இருந்தாலாவது...”

அக்கா மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தான் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு சின்னக் கவரை எடுத்தார்.

எங்கள் கடை வழக்கம் அது. துணியிலிருந்து பொத்தானோ கொக்கியோ எதை எடுத்தாலும் தூக்கிப் போடக்கூடாது. கவரில் போட்டு, எது எங்கே இருந்தது என்று குறித்து, துணியோடு திருப்பித் தர வேண்டும். ஸ்டிக்கர்களை ஆவி காட்டி, சுருக்கமே இல்லாமல் உரித்து, எண்ணெய்க் காகிதத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் பேனாவால் ஓர் எண். மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

“எடுத்ததைத் தூக்கிப் போட்டா நான் என்ன லாண்டரிக்காரன்?” என்றார் அழாக்குறையாக.

 அந்த அம்மா குறைப்பார், படிப்பார், கூட்டுவார், தலையை ஆட்டுவார். மறுபடி குறைப்பார். ஒரு கட்டத்தில் திரையில் வந்த எண்ணையும் ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தவர், நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, “வந்துருச்சுக்கா!” என்று கத்தினார். நிதானமானவர் என்று சொன்னேனே, அதை இந்த ஒரு இடத்தில் திருத்திக்கொள்கிறேன். அக்கா வாசலுக்குப் போய் அத்தானின் காலரைச் சரிசெய்வது போல ஒரு பாவனை செய்தாள். அவ்வளவுதான், அத்தான் குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

பழைய சிப்புகள் ஜன்னல் மூடிக் காப்பகத்துப் பெட்டிக்குள் போயின. கெட்டுப்போன பாகங்களை மாற்றி, பிரதியைப் புதுச் சிப்புகளில் எழுதி இயந்திரத்தில் பொருத்தினார்கள். அத்தான் புது ஸ்பீக்கர் வாங்கி மாட்டினார். தண்ணீர் படாமல், வெறும் உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தார். காப்பகத்தின் பின்னறையில், கதவைச் சாத்தி, இயந்திரத்தை நிற்க வைத்தோம். படகு செய்தவர் வந்தார். ஹாலில் நின்ற மாதிரியே, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா ஆடினாள். இன்ஜின் உறுமலைக் கேட்டதும் அவள் முகம் கூண்டுக்குள் இருந்த வயதுக்குப் போய்விட்டது. பாறைகளைத் தாண்டினாள், சுழலைத் தாண்டினாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசித் துறைமுகத்தின் வாயில் வந்தது. புயல் வந்தது. இன்ஜின் நின்றது.

திரை அணைந்தது.

“போச்சு!” என்றார் அத்தான்.

“உஷ்!” என்றாள் அக்கா.

பாம்... பாம்... என்று சன்னமாகக் கேட்டது. அந்த அறையில் வேறு எந்த இயந்திரமும் இல்லை.

அக்கா கைப்பிடியை விடவில்லை. “இந்தச் சத்தம் எனக்குத் தெரியும்” என்றாள் யாருக்கும் இல்லாமல். கைப்பிடியை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தாள், ஒலி மெலிந்தது. வலப்பக்கம் சாய்த்தாள், கனத்தது.  திரை அணையவில்லை, ஆட்டத்துக்குள் இருட்டிவிட்டது! கரையிலிருந்து யாரோ சங்கு ஊதி வழி சொல்கிறார்கள். நூறு சத்தத்துக்கு நடுவே ஹாலில் அது யார் காதில் விழும்? பலகைக்கு அந்தப் பக்கம் காதை வைத்து உட்கார்ந்திருந்த ஒருத்தி காதில் மட்டும் விழுந்திருக்கிறது, அவளுக்கோ திரை தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். சங்கு மெலியும்போது திரும்பினாள், கனக்கும்போது நேரே போனாள். ஒலி பெருத்துப் பெருத்துப் பக்கத்தில் வந்தது. சட்டென்று நின்றது.

“கண்ணைத் தொறம்மா” என்றார் பின்னால் நின்றவர்.

திரையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு. அது ஆரஞ்சானது, மஞ்சளானது. கட்டிடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, தண்ணீர் மின்னியது. அவ்வளவு அழகான விடியலை அந்தக் காலத்துத் திரையில் நான் பார்த்ததே இல்லை. படகுத்துறையில் இரண்டு குட்டி ஆட்கள் நின்று கையை ஆட்டினார்கள். நான் கூச்சலிட்டேன். அத்தான் என்னைவிடச் சத்தமாகக் கூச்சலிட்டார். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“உசரமா இருக்கறவன் நான். குட்டையா இருக்கறவன் தம்பி” என்றார் அவர். “விடியலை வரைஞ்சவன் அவன். ராப்பகலா வரைஞ்சான். இருட்டு என் யோசனை. ‘என் விடியலை உன் இருட்டு முழுங்கிடுச்சு’ன்னு சொல்லிட்டுப் போனவன்தான்.” தழும்புள்ள கட்டைவிரலால் போனில் எண்களை அழுத்தினார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். அவர் போனை அப்படியே அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கினாள். “உங்க அண்ணன் பக்கத்துலேருந்து பேசறேங்க. இழுவைப் படகைக் கரை சேர்த்துட்டோம்.”

 அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது: “விடிஞ்சுதா?”

“விடிஞ்சுதுங்க. ரெண்டு பேரும் கை ஆட்டிக்கிட்டு நிக்கறீங்க.”

“அணைச்சுடாதீங்க” என்றது குரல். “நான் வர்றேன்.”

அவர் வந்து சேரும்வரை நாங்கள் யாரும் அந்த அறையை விட்டு நகரவில்லை. அத்தான் சுவிட்சுக்குப் பக்கத்தில் காவல் நின்றார்.